ஜிப்பண்ணனும் மிருகம் சாகிற காட்சியும்

ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவர் ஜிப்பண்ணன். ராட்சத மிருகத்தின் ரப்பர் உடைக்குள் அவருடைய தம்பி நுழைந்ததும் முதுகில் ஜிப்பை இழுத்து மூடுவது அவர் வேலை. மூடிவிட்டு, தம்பியின் இடது கையிலேயே கண்ணாக நிற்க வேண்டும். உள்ளேயிருந்து கத்தினால் வெளியே கேட்காது; மூச்சு முட்டினால் இடது கையைத் தூக்குவான், அண்ணன் ஓடிப்போய்த் திறந்துவிட வேண்டும். "ஊரையே மிதிக்கிற மிருகத்துக்கு உங்க வீட்டுக்காரர்தான் சட்டை மாட்டிவிடுறாராமே" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். மனைவிக்கு அதில் பெருமைதான்.

கடைசிக் காட்சிக்கு வந்தார்கள். மாதக்கணக்கில் கட்டிய அட்டை நகரம் எரிய, நடுவில் மிருகம் தள்ளாடி விழ வேண்டும். எரிந்தால் எரிந்ததுதான், இன்னொரு டேக் கிடையாது. கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது தம்பியின் இடது கை மேலே போனது. ஜிப்பண்ணன் பார்த்தார். ஓர் அடி எடுத்தும் வைத்தார். டைரக்டரின் முகத்தைப் பார்த்தார், எரிகிற நகரத்தைப் பார்த்தார். விழட்டும், விழுந்ததும் ஓடிப்போய்த் திறந்துவிடலாம் என்று நின்றார். பாவி மனுஷன், நின்றேவிட்டார்.

"கை தூக்கினேனேண்ணே, பாக்கலையா?" ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பி கேட்டான்.

"ஒரே புகைடா. ஒண்ணும் தெரியல."

தம்பி அதை அப்படியே நம்பினான். நெஞ்சுதான் பழையபடி ஆகவில்லை. மாடிப்படி ஏற முடியாது, உரக்கச் சிரித்தால் இருமல். அடைத்த கொட்டகையில் மூச்சு வாங்கும் என்று தியேட்டர் பக்கமே அவன் போகவில்லை. படமோ சக்கைப்போடு போட்டது. மிருகம் கையைத் தூக்கிச் சாகிற இடத்தில் ஜனம் தேம்பித் தேம்பி அழுதது. ஜிப்பண்ணன் மட்டும் அதற்கு முன்பே எழுந்து வெளியே போய்விடுவார்.

வருஷங்கள் கழித்து ஒரு மத்தியானம், தம்பி வீட்டு டிவியில் அந்தப் படம். வழக்கம்போல எழுந்தவரைத் தம்பி விடவில்லை.

"உக்காருங்கண்ணே. நான் சாகுறத ஒரு தடவையாவது சேந்து பாப்போம்."

மிருகம் தள்ளாடியது. கை உயர்ந்தது. தீயெல்லாம் பின்னால்தான் எரிந்தது. கையைச் சுற்றிப் பொட்டுப் புகைகூட இல்லை.

தம்பி திரும்பி அண்ணனைப் பார்த்தான்.

இப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"அது... வேற டேக்டா" என்றார்.

தம்பி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான்.

"இருக்கும்ணே" என்றான்.