கேபிளைப் பிடித்திருந்த ஞாயிறு

போன வருடம், தீபாவளிக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு நகலெடுக்கும் கடையில் வார இறுதி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஈசூனிலிருந்து காலையிலேயே ரயிலேறி வந்து, நின்று நின்று கால் மரத்துப்போயிருந்தது. முதலாளி வெளியே போயிருந்தார். கடையின் பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மாலையில் துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். ஓவர்டைம் முடித்து நேராக வந்திருந்தார். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, மேற்பார்வையாளர் பயிற்சிக்கு ஐந்து மணிக்குள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

"இன்னிக்குத்தான் கடைசி, தங்கச்சி. விட்டா அடுத்த வருஷம்தான்."

ஸ்கேன் முடிந்ததும் இணையம் போய்விட்டது. 'கேபிள் செருகப்படவில்லை' என்றது திரை. செருகியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறதே! கணினிதான் குழம்பிவிட்டது என்று முடிவு கட்டினேன். நெட்வொர்க்கை நிறுத்தி மறுபடி இயக்கினேன், கணினியின் நெட்வொர்க் முகவரியைக் கையால் கொடுத்தேன், கணினியையே அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே வரி. என் போனை இணைத்தால், ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் டேட்டா நகரவே இல்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணனைக் காணோம். வெறுத்துப்போய்க் கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

பிளாஸ்டிக் பையில் கட்டிய டீயோடு திரும்பி வந்தார்.

"குடிங்க முதல்ல. மூஞ்சியே செத்துப்போச்சு."

"உங்களுக்குப் பதற்றமே இல்லையாண்ணே?"

"நான் பதறினா ஒண்ணும் ஆவாது. நீங்க பதறினாத்தான் என் வேலை கெடும். அதான் டீ."

இரண்டு வாய் குடித்துவிட்டு, கணினிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். கேபிள் முனையின் கொக்கி உடைந்திருந்தது. விரலால் அழுத்தினால் விளக்கு எரிந்தது, விட்டால் அணைந்தது. திரை முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

வேறு கேபிள் இல்லை, வாங்கி வரவும் நேரமில்லை. மேசைக்கடியில் குனிந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மேலே அண்ணன் மவுஸோடு போராடினார்.

"நீலப் பட்டனை அமுக்குங்க!"

"அமுக்கிட்டேன். வட்டமா சுத்துதே?"

"சுத்தட்டும் லா, தொடாதீங்க!"

"சரி, நீங்களும் கைய எடுத்துடாதீங்க!"

விரல் விறைத்துப்போனது. வேர்வை கண்ணில் இறங்கியது. கடைசியில் மேலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. "போயிருச்சு தங்கச்சி. பச்சையா டிக் வந்திருக்கு." மணி ஐந்தாக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

அவருக்கு அந்த இடம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. இப்போதும் ஏதாவது வேலை மக்கர் செய்து கை பரபரக்கும்போது, ஒரு வருடத்தையே இழக்க இருந்த மனிதர் எனக்கு டீ வாங்கப் போனாரே என்று நினைத்துக்கொள்வேன். கை தானாக நிதானத்துக்கு வந்துவிடும்.