அக்கா கயாவில் விட்டது

எனக்கு என் அத்திம்பேரைப் பிடிக்காது. அக்கா விஜயலக்ஷ்மியின் கழுத்தில் தாலி கட்டிய அன்றைக்கே பிடிக்கவில்லை. இனிமேலும் பிடிக்கப் போவதில்லை. ஸ்ரீரங்கன் என்று பெயர். மந்தைவெளியில் சொந்த வீடு, அரசாங்க பென்ஷன், பொழுது விடிந்தால் ஆசாரம். தெருவில் யார் எதைத் தொட்டார்கள், யார் எங்கே எதைத் தின்றார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக் குற்றம் சொல்வதுதான் முழுநேர வேலை.

அக்காவுக்கோ உலகத்தைப் பார்க்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பார்க்க வழியில்லாததால் வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். டிசம்பர் மாதம் சைக்கிளில் சால்வை விற்க வரும் காஷ்மீர்க்காரனை வாசலில் நிறுத்தி, ஏரி உறைந்தால் மீன் என்ன செய்யும், பனி கொட்டினால் கதவை எப்படித் திறப்பீர்கள் என்று அரைகுறை ஹிந்தியில் துளைத்தெடுப்பாள். அவனும் வியாபாரத்தை மறந்துவிட்டுச் சொல்லிக்கொண்டிருப்பான். அத்திம்பேர் உள்ளேயிருந்து வந்து விரட்டுவார்.

"வாங்கப் போறதில்லே. அப்புறம் அவனோட என்னடி பேச்சு?"

தொண்ணூற்றேழில் பறக்கும் ரயில் மயிலாப்பூருக்கு வந்தபோது, அக்கா தனியாக ஏறி, கடற்கரை ஸ்டேஷன் வரை போய் அப்படியே திரும்பி வந்தாள். மேலேயிருந்து பார்த்தால் எத்தனை மொட்டைமாடியில் வடாம் காய்கிறது தெரியுமா என்று எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னாள். குரலில் அப்படியொரு குதூகலம். அத்திம்பேருக்குத் தெரிந்ததும் வீட்டில் ரகளை.

"யாரைப் பாக்கப் போனே?"

"யாரையும் இல்லேன்னா. சும்மாத்தான்."

"சும்மா எவளாவது ரயில் ஏறுவாளா?"

கல்யாணம், சாவு, கோயில் தவிர வேறு எதற்காகவும் மனிதர்கள் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள் என்பது அந்த மனுஷருக்கு விளங்காது. கொஞ்ச நாள் அவளோடு பேசாமல் இருந்தார். அதை அவளுக்குத் தண்டனை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

மறு வருஷம் பித்ரு காரியத்துக்காக அவரே காசி, கயா போக வேண்டி வந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் போகும்போதும் வரும்போதும், தூசி அடிக்கிறது என்று ரயில் ஷட்டரை இறக்கிவிட்டார். கிருஷ்ணாவும் கோதாவரியும் அவளுக்குப் பாலத்தின் சத்தமாகத்தான் கிடைத்தன. காசியில் படகேறி அக்கரைக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். "அக்கரையிலே எந்தப் பெருமாள் இருக்கார்?" என்று மடத்திலேயே உட்கார வைத்துவிட்டார். பாவி மனுஷர். இதையெல்லாம் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது.

திரும்பியதும் வீட்டில் கங்கை பூஜை, உறவுக்காரர்களுக்கெல்லாம் சாப்பாடு. அடையாறிலிருந்து நானும் போனேன். கயாவுக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு காயையோ பழத்தையோ அங்கேயே ஆயுசுக்கும் விட்டுவிட்டு வர வேண்டும். எதை விட்டாய் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பந்தியில், பூஜை செய்துவைத்த வாத்தியாரும் கேட்டார்.

"நான் பாகற்காயை விட்டுட்டேன்" என்றார் அத்திம்பேர். பிறந்ததிலிருந்து அதை அவர் வாயில் வைத்ததில்லை. பெரிய தியாகி! அதோடு நிறுத்தினாரா? "இவளோட ஊர் சுத்தற ஆசையும் தீர்ந்தது. காசியே பாத்தாச்சு. இனிமே எங்கேயும் கெளம்ப வேண்டாம்."

பந்தியே சிரித்தது. அக்கா நெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

"மாமி என்ன விட்டேள்?" என்றார் வாத்தியார்.

"இவரோட சேர்ந்து ஊருக்குப் போறதை விட்டுட்டேன்."

அத்திம்பேர் இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"என்னடி உளர்றே? எப்போ? நான் கேக்கவே இல்லையே!"

"செருப்பைக் காணும்னு ஓடினேளே, அப்போ. ஆத்துக்கு வந்து சேர்ந்ததிலேர்ந்துன்னு சொல்லித் தீர்த்தம் விட்டேன்."

அத்திம்பேர் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார். "பிடிச்சதைன்னா விடணும்? இது செல்லுமா?"

"கல்யாணமான புதுசிலே எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது" என்றாள் அக்கா.

வாத்தியார் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காய், பழம்னுதான் வழக்கம். ஆனா கயாவிலே தீர்த்தம் விட்டுச் சொன்னா, விட்டதுதான். மீறினா பித்ருக்களுக்கு ஆகாது."

ஊரையே ஆசாரத்தால் அடித்தவரால் இதற்கு மேல் என்ன பேச முடியும்? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை; அதை மறைக்கவும் இல்லை.

"அப்போ தனியா எங்கேடி போகப் போறே?" என்றார் கடைசியில். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"தெரியலேன்னா. இனிமேதான் யாரையாவது கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவர் இலையில் நெய் விட்டாள்.