ஃப்ரிட்ஜ் பார்க்க வரும் வெர்னா

விற்பனைக்கு வந்த பழைய ஃப்ரிட்ஜின் கதவை முதலில் திறக்கமாட்டார். நேரே பின்பக்கம் போவார். முட்டியைப் பிடித்துக்கொண்டு "யப்பா சாமி" என்று சிமென்டுத் தரையில் உட்கார்ந்து, ஃப்ரிட்ஜின் அடியில் கறுப்பாக இருக்கும் கம்ப்ரசர்மேல் உள்ளங்கையை வைப்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல. அந்த ஒரு நிமிஷம் யாரும் வாய் திறக்கக் கூடாது. விற்கிறவன் ஏதாவது அளந்தால், "நீ சும்மா இரு, அது பேசட்டும்" என்பார்.

பிறகுதான் கதவு. கையோடு கொண்டுவந்த காலிப் பீப்பாயை உள்ளே வைப்பார். பீர் ஊறுகிற வெள்ளை பிளாஸ்டிக் பீப்பாய், இருபத்துமூன்று லிட்டர் கொள்ளும். மூடியின் நடுவில் குமிழி விடும் சின்னக் குழாய் நிமிர்ந்து நிற்கும். அதையும் சேர்த்து நிறுத்திக் கதவைச் சாத்திப் பார்ப்பார். "வெளியில நின்னு பாத்தா எல்லா ஃப்ரிட்ஜும் பெருசுதான். உள்ள பின்னாடி ஒரு திண்டு இருக்கும் பாரு, கம்ப்ரசருக்குன்னு. அதுல இடிச்சுக்கிட்டு பீப்பாய் கோணலா நிக்கும். கோணலா நிக்கிற பீப்பாயும் கோவமா இருக்கிற புருஷனும் ஒண்ணு. ராத்திரி பூரா சிந்தும்."

வெர்னா ட்ரெகோனிங்குக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருஷம் எங்கள் மில்டூராவில் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவர் கத்திய கத்தலில் இடுப்பு பெல்ட் போடக் கற்றவர்கள். இன்று வீட்டில் பீர் காய்ச்சுகிற எவனும் அவரைக் கேட்காமல் ஃப்ரிட்ஜ் வாங்குவதில்லை. ஜனவரிதான் இங்கே நடுக்கோடை; வெயில் நாற்பத்தைந்தைத் தொடும் ஊர் இது. ஷெட்டில் பீப்பாயைச் சும்மா வைத்தால் ஈஸ்ட் வெறிபிடித்துப் பொங்கும். அந்தப் பீரைக் குடித்தவனுக்கு மறுநாள் தலை இருக்காது. காய்ச்சுவது பெரிய வித்தையில்லை. ஊறுகிற நாட்களில் குளிர் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு.

பீர் காய்ச்சுகிற எங்கள் கிளப்பின் அசட்டுத்தனங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். சூடு பார்க்கும் கம்பி முனையைப் பீப்பாயின் தோலோடு ஒட்டாமல் ஃப்ரிட்ஜுக்கு வெளியே தொங்கவிட்டு, பீரைப் பனிக்கட்டியாக்கிய ஆள் நான். ஹாமிஷ் இன்னும் ஒரு படி மேலே. கம்பி நுழைய ஓட்டை வேண்டுமென்று ஃப்ரீசரின் பக்கவாட்டில் துளைபோட்டான். 'உஸ்ஸ்' என்று ஒரே சத்தம். குளிர்வாயு அத்தனையும் போயிற்று. போன் செய்து, "வெர்னா, இப்ப என்ன பண்றது?" என்று கேட்டிருக்கிறான். "அதுக்குள்ள உன் செருப்பை அடுக்கி வை" என்று போனை வைத்துவிட்டார்.

பெட்டிபோல் மேலே திறக்கும் ஃப்ரீசரா, கதவு வைத்த சின்ன ஃப்ரிட்ஜா என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "வெச்சிருக்கணும்னா ஃப்ரீசர். ஊறவைக்கணும்னா ஃப்ரிட்ஜ். நெறைஞ்ச பீப்பாயை ஃப்ரீசர் சுவருக்கு மேல தூக்கி எடுத்துப் பாரு, அப்பத் தெரியும் உன் இடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு."

இத்தனை தெரிந்தவர் ஒருநாளும் பீர் காய்ச்சியதில்லை. போன ஜனவரி வரை அவர் ஷெட்டுக்குள் எங்களில் ஒருவரும் நுழைந்ததுமில்லை. அதற்குக் காரணம் நான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

பீர் காய்ச்சியவர் அவர் புருஷன் ராய்ஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காய்ச்சி, ஈஸ்ட் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, "கதவைத் தெறக்காத வெர்னா, பன்னெண்டு டிகிரியிலயே இருக்கட்டும்" என்று சொன்னார். புதன்கிழமை கடைத்தெருவில் கார் கதவைத் திறக்கும்போது மாரடைப்பு. அடக்கம் முடிந்து வீட்டில் சாண்ட்விச் கொடுத்துக்கொண்டிருந்தபோது வெர்னா என்னை ஓரமாக அழைத்தார்.

"அது உள்ள இருக்கு தம்பி. அதை நான் என்ன செய்ய?"

"ரெண்டு வாரத்துல பாட்டில்ல ஊத்தணும். நாங்க வந்து செஞ்சு தர்றோம்."

"வேண்டாம். அப்பிடியே வெச்சா எத்தனை நாள் தாங்கும்?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மை பேச என்னால் முடியவில்லை. "ஒரு டிகிரிக்கு இறக்கிடுங்க. ரொம்ப நாள் தாங்கும்" என்றேன். சில மாதம் தாங்கும், அவ்வளவுதான். அடியில் செத்துக் கிடக்கும் ஈஸ்டின்மேல் எத்தனை குளிரில் வைத்தாலும் பீர் கெட்டுத்தான் போகும். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று மூன்று வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பழைய ஃப்ரிட்ஜை உயிரோடு வைத்திருக்கத்தான் அவர் ஃப்ரிட்ஜ் வைத்தியமே கற்றார். கிளப்பில் செத்த ஈஸ்டைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் டீ போட எழுந்து போய்விடுவார். நாங்களும் தெரியாததுபோல் இருந்துவிடுவோம். நல்ல மனுஷர்கள் நாங்கள்!

போன ஜனவரியில் ஒரு செவ்வாய், காலை பத்து மணிக்கே நாற்பத்துமூன்று. வெர்னா போனில் ஒரே வார்த்தை சொன்னார். "நின்னுபோச்சு."

ஓடினேன். ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார். ஐஸ் பாட்டில்களை உள்ளே அடுக்கிவிட்டாராம். "மூணு மணி நேரம் தாங்கும். வண்டியை எடு."

ஊர்க் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் பழைய சாமான் விற்கிற கொட்டகை கார்மெலோவுடையது. அன்று அவனிடம் இரண்டுதான் இருந்தன. ஒரு பெட்டி ஃப்ரீசர், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். கார்மெலோவுக்கு விஷயம் தெரியும். ஊருக்கே தெரியும். வழக்கமான வம்பு எதுவும் பேசாமல் ஃப்ரீசரின் மூடியைத் தூக்கிக் காட்டினான்.

"இதை எடுத்துக்க வெர்னா. நல்ல உழைப்பாளி. இன்னும் இருவது வருஷம் ஒரு டிகிரியிலயே வெச்சிருக்கும்."

அன்று வெர்னா பின்பக்கம் போகவில்லை. தரையில் உட்காரவில்லை. மூடியின் விளிம்பைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருவது வருஷம்னா எனக்குத் தொண்ணூத்திரண்டு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அன்னிக்குச் சொன்னியே, ரொம்ப நாள் தாங்கும்னு. உண்மையா?"

"இல்ல வெர்னா."

"எத்தனை நாளாக் கெட்டுப்போயிருக்கும்?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். மன்னிச்சிடுங்க. அன்னிக்கு எனக்கு வாய் வரல."

ஃப்ரீசர் மூடியை ஓங்கிச் சாத்தினார். கொட்டகையின் தகரமெல்லாம் அதிர்ந்தது. "மூணு வருஷம்டா! ஒருத்தனுக்குக்கூட என்கிட்ட வந்து சொல்லத் துப்பில்ல. அதுக்கு ஜுரம் பாத்துக்கிட்டு, அதோட கூட நானும் ஷெட்டுல குந்திக்கிட்டு... நீங்கள்லாம் ஆம்பளைங்களா?"

கார்மெலோ தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

பிறகு வெர்னாவின் குரல் இறங்கியது. "டீ போடற எடத்துக்கு உங்க பேச்சு கேக்காதுன்னா நெனச்சீங்க? எல்லாம் கேக்கும். உங்கள்ல யாராவது என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நான் கதவைத் தெறந்திருக்கணும். அதான் நானும் கேக்கல." மூக்கைச் சிந்தினார். "அந்தச் சின்னதை வண்டியில ஏத்து கார்மெலோ. ஃப்ரிட்ஜை."

மதியத்துக்குள் ஷெட்டில் பழையது வெளியே வந்து புதியது நின்றது. கார்மெலோவும் நானும் பீப்பாயைக் கலங்காமல் தூக்கி மேஜைமேல் வைத்தோம். வெர்னா ஒரு கிளாஸை அடியிலிருந்த குழாயில் பிடித்தார். நுரையே இல்லை. பழுப்பாக, எண்ணெய்போல் இறங்கியது. இங்கே ரொட்டியில் தடவித் தின்கிற கறுப்பு ஈஸ்ட் பசையின் வாசனை ஷெட் முழுக்க அடித்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குடித்துவிட்டார், கடைசிச் சொட்டு வரை, நின்றபடியே.

"பாழாப் போச்சு" என்றார். "அவரு இருந்திருந்தா கிளாஸோட தூக்கி எறிஞ்சிருப்பாரு." சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதார். நாங்கள் இரண்டுபேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றோம்.

மிச்சத்தை வடிகாலில் அவரே ஊற்றினார். காலிப் பீப்பாயை வெளிச்சத்தில் சாய்த்தபோதுதான் மூவரும் அதைப் பார்த்தோம். உட்சுவரில் மேலே, சுற்றி, பழுப்பாக ஒரு காய்ந்த வளையம். ஈஸ்ட் பொங்கி ஏறிய நுரையின் தடம். முதல் மூன்று நான்கு நாளில்தான் அது அவ்வளவு உயரம் ஏறும். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். ராய்ஸ் தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்த்த நாட்கள் அவை.

"அது அப்பிடியே இருக்கட்டும் வெர்னா" என்றேன். "உங்களுக்கு வேணும்னா வேற பீப்பாய் நான் தர்றேன்."

"அந்த அழுக்கு ஒட்டியிருந்தா அடுத்த பீரும் கெட்டுப்போகும்னு நீங்கதானே மூச்சுக்கு மூச்சு சொல்லுவீங்க?"

"ஆமா. ஆனா..."

"பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா?"

"கூடாது. கீறல் விழும். மெல்லிசுத் துணியால, சுடுதண்ணியில."

கெட்டிலில் தண்ணீர் காயவைத்து ஊற்றினார். ஒரு பழைய பனியனைக் கிழித்து நனைத்தார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, பீப்பாயை மடியோடு அணைத்து, கையை உள்ளே விட்டார். துணியை வைக்கவில்லை. முதலில் வெறும் விரலால் அந்த வளையத்தை ஒரு சுற்று முழுக்கத் தடவினார். பிறகு துணியை வைத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.