காத்திருந்த மெஷின்

கூட்டத்துக்கு வந்தவர்கள்: பெரிய டீச்சர். கணக்கு டீச்சர். என்னோடு ஒரே பட்டாசு ஷெட்டில் வெடிமருந்து அடைக்கும் மைனி. அச்சாபீஸில் பேப்பர் வெட்டும் அண்ணாச்சி. அப்புறம் நான். கதவுக்கு வெளியே என் மகள், ஏழாம் வகுப்பு.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இன்னும் ஆட்கள் உண்டு. சீசன் நேரம். லோடு ஏற்றப் போய்விட்டார்கள். அந்தக் குழுவுக்கு நான் தலைவி. பெற்றோரில் ஒரு பெண்தான் தலைவியாக இருக்க வேண்டுமாம். கை தூக்கி என்னைப் போட்டார்கள். நான் படித்தது ஐந்தாவது.

விசயம் இதுதான். கேட்டால் பதில் சொல்லும் ஏஐ வந்திருக்கிறது. மாவட்டத்துப் பள்ளிகளில் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, கொடுத்தால் எப்படி என்று விதி எழுதப் போகிறார்கள். அதற்கு முன் ஒவ்வொரு பள்ளிக் குழுவும் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் கொஞ்ச நாளாக அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்திருந்தார். நாங்கள் வேண்டாம் என்றால் அன்றோடு நின்றுவிடும்.

என் மகளுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். சில பிள்ளைகள் சிரிக்கும். மற்ற பிள்ளைகள் அவள் சொல்ல வந்ததைத் தாங்களே சொல்லி முடித்துவிடும். வீட்டில் நானும் அப்படித்தான். அவள் அந்த மெஷினிடம் சத்தமாக வாசிக்கிறாள் என்று கணக்கு டீச்சர் சொன்னார். நான் நம்பவில்லை. ஆனால் நின்றுவிடக் கூடாது என்று இருந்தது.

"எல்லாரும் போன எடுங்க. நீங்களே கேட்டுப் பாருங்க" என்றார் கணக்கு டீச்சர்.

யார் கையிலும் போன் இல்லை.

எங்கள் ஷெட்டுக்குள் போன் ஆகாது. வாசலில் தீயணைக்க மணல் நிரப்பிய சிவப்பு வாளி தொங்கும், போனை அதில் போட்டுவிடுவோம். பள்ளி வாசலிலும் அதே சிவப்பு வாளி. அதைப் பார்த்ததும் மைனி போனை அதில் வைத்தார். நானும் வைத்தேன். செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் ஷெட்டுக்குள் போவோம், உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க. இங்கே தகடு இல்லாத பள்ளிச் சுவரையும் தொட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, உங்க போன் எங்க? அச்சாபீஸ்ல இந்தச் சட்டம் கெடையாதே" என்றார் மைனி.

"நீங்க போட்டீக, நானும் போட்டேன். எவன் கண்டான்."

பெரிய டீச்சர் சிரித்துவிட்டார். கணக்கு டீச்சர் தன் போனையே நீட்டினார். ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். கையை எடுத்தால் அது பேசும்.

மைனி அழுத்தினார். "ஏ தாயி, நாளைக்கு மழ வருமா? வேல உண்டா, இல்லையா?"

உறுதியாகச் சொல்ல முடியாது, வானிலை அறிவிப்பைப் பாருங்கள் என்றது. செய்தி வாசிக்கும் பெண் மாதிரி குரல்.

"எங்க போர்மேன் மாதிரியே இருக்கு. எதுக்கும் பிடி கொடுக்க மாட்டேங்குது."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "டீச்சர், பிள்ளைக இதுகிட்ட எல்லாத்தையும் சொல்லுமே. அப்பன் குடிச்சது, ஆத்தா அடிச்சது. இந்தத் தங்கச்சி வீட்ல திரி சுத்துறது வரைக்கும் போயிரும். அம்புட்டும் எங்கன போய்ச் சேருது?"

சட்டப்படி வீட்டில் பட்டாசுத் திரி செய்யக் கூடாது. மைனி முறைத்தார். "உங்க வாயவிட இது தேவல அண்ணாச்சி."

பெரிய டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"வெளியூர்ல ஒரு கம்பெனிக்குப் போகுது. அங்க என்ன செய்றாங்கன்னு எனக்கும் முழுசாத் தெரியாது" என்றார் கணக்கு டீச்சர். "இன்னொண்ணும் சொல்லிர்றேன். பிள்ளைக தப்பா வாசிச்சாலும் அருமைங்குது. நான் பக்கத்துல இருந்துதான் திருத்துனேன்."

"அப்ப வேண்டாம்னு எழுதுங்க" என்றார் அண்ணாச்சி.

நான் வேண்டும் என்றால் என் பிள்ளைக்காகச் சொல்கிறேன் என்பார்கள். அது உண்மைதான்.

மைனி என் முகத்தைப் பார்த்தார். "பிள்ளையக் கூப்பிடுங்க. வாசிக்கட்டும். கேட்டுட்டுச் சொல்வோம்."

மகள் வந்தாள். எங்களைப் பார்த்ததும் உதடு பூட்டிக்கொண்டது. போனைத் தொடவே இல்லை.

"ஆள் கூடிப்போச்சு" என்றார் மைனி.

எங்களுக்கு அது பழக்கம். ஒவ்வொரு ஷெட் வாசலிலும் உள்ளே எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்று பெயிண்டில் எழுதியிருக்கும். கூடினால் ஒருவர் வெளியே வந்துவிட வேண்டும். நாங்கள் எழுந்து வெளியே போனோம். கணக்கு டீச்சர் மட்டும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டோம்.

வாசிக்க ஆரம்பித்தாள். அந்தக் குரலை நான் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் கேட்டதில்லை. நடுவில் "க" என்று நின்றாள். பாடம் எனக்குத் தெரியாது. ஆனாலும் கண்மாய், கதவு, கருப்பு என்று ஒவ்வொன்றாக என் வாய்க்கு வந்தது. மைனி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே சத்தமே இல்லை. அவள் பொத்தானை விடவில்லை போலிருக்கிறது. அதுவும் பேசவில்லை.

பேன்சி வெடி மேலே போனதும், விரிவதற்கு முன் வானம் கொஞ்ச நேரம் இருட்டாகவே இருக்கும். மருந்து அடைத்த நாங்களே அப்போது கழுத்தை நிமிர்த்தி மூச்சைப் பிடித்து நிற்போம். அப்படி நின்றேன்.

"கடல்" என்றாள். தொடர்ந்து போனாள்.

அதற்கு உயிர் இல்லை என்று தெரியும். சிரிக்கத் தெரியாது, அவசரப்படவும் தெரியாது. இப்படி ஒன்றைச் செய்தவர்கள் எங்கே இருக்கிறார்களோ. என் மகளை அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் அவள் பேசும்வரை அது பேசவில்லை.

முடித்ததும் அருமை என்றது. "ஒரு வார்த்தைய விட்டுட்டடா" என்று கணக்கு டீச்சர் திருத்தினார். அதையும் அவளே சொன்னாள்.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஏ மெஷினே, என்ன பொறும! சரி, வேண்டாம்னு எழுத வேணாம். ஆனா சும்மா கையில கொடுத்துரக் கூடாது."

"மருந்து மாதிரி வைங்க" என்றார் மைனி. "கொஞ்சமா. ஆள் பக்கத்துல இருக்கப்ப மட்டும்."

பெரிய டீச்சர் எழுதிக்கொண்டார். டீச்சர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளை பெயர் சொல்லக் கூடாது. வீட்டு விசயம் பேசக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். மாவட்டத்தில் இதை ஏற்பார்களா என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து வாளியில் போனை எடுத்து மணலைத் தட்டினோம்.

"பிள்ள எம்புட்டு வாசிச்சா, எண்ணுனியா?" என்றார் மைனி.

மகள் புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்து எண்ணிக் காட்டினாள்.

பதினோரு வரி.