மறுபக்கம் முழுக்கச் சாரல்

போன வாரம் ஒரு வாசகி என் புத்தகத்தைப் பற்றிக் கைப்பேசியில் குரல் அனுப்பியிருந்தார். நடுவில் கொஞ்சம் இழுக்கிறதாம். முடிவு அவசரமாம். நியாயமான பேச்சுதான். ஆனால் நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது அந்த நியாயத்துக்காக இல்லை. அவர் பேசுவதற்குப் பின்னால், தகரத்தின் மேல், பெய்யவும் முடியாமல் நிற்கவும் மனமில்லாமல், பொடிப்பொடியாக ஒரு மழை விழுந்துகொண்டிருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். தென்காசிப் பக்கம் என்று பதில் வந்தது. கேட்டிருக்கவே வேண்டாம். சாரல் வேறு எந்த மழையைப் போலவும் பேசாது.

அதற்குப் பிறகு என் புத்தகத்தின் குறைகள் எனக்கு மறந்துபோயின. ரஹ்மத் அக்கா வீட்டு டேப்ரிக்கார்டர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஒலிப்பதிவு செய்ய அதில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். அமுக்கினால் 'டடக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் அக்கா தொண்டையைச் செருமிக்கொள்வாள்.

அப்போது நான் தென்காசியில் ஒரு வாடகை நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியில் ஒற்றை அறை. கீழே மிட்டாய்க் கடை. அவர்கள் நெய் உருக்கினால் எங்கள் புத்தகங்களுக்கெல்லாம் வாசம் ஏறும். கொலைக் கதையைப் பிரித்தாலும் நெய் மணக்கும். குற்றாலத்துக்கு வந்தவர்கள் ஈரத் தலையோடு ஏறிவந்து, அறையில் படுத்துக்கொண்டு படிக்க ஏதாவது கேட்பார்கள். திரும்பி வரும் புத்தகத்தில் கொஞ்சம் அருவியும் கொஞ்சம் நல்லெண்ணெயும் இருக்கும். நான் இன்றைக்கும் புதுப் புத்தகம் வாங்கினால் முதலில் முகர்ந்துதான் பார்க்கிறேன். எதுவும் அந்த அளவுக்கு மணப்பதில்லை.

ரஹ்மத் அக்கா எங்கள் பக்கத்துத் தெரு. அவள் கணவர் காதர் அண்ணன், கல்யாண ஆல்பம் ஸ்டூடியோவிலிருந்து வருவதற்குள் சவூதிக்கு விமானம் ஏறிவிட்டவர். அங்கே ஒரு ஜெனரேட்டர் அறையில் வேலை. அப்போதெல்லாம் கேசட்டில் பேசி அனுப்புவதுதான் வழக்கம். லீவு முடிந்து திரும்புகிற யாராவது ஒருவரின் பெட்டியில், ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் துண்டுக்கும் நடுவே, ஒரு பெண்ணின் குரல் கடல் தாண்டிப் போகும்.

ஒருநாள் அக்கா மாடியேறி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"ஏட்டி, ஒரு பக்கம் பேசிருதேன். மறுபக்கம் திருப்பிப் போட்டா ஒரு பேச்சும் வர மாட்டேங்கு. கூட இருந்து பழகியிருந்தாத்தான பேச வரும்? சும்மா விட்டா கோவமா இருக்கேன்னு நெனைப்பாக. சத்தமா வாசிக்கத் தோதா ஒரு புஸ்தகம் தா."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு குடும்ப நாவலை எடுத்துப் போனோம். பெண்கள் பேசுவதை அக்கா வாசிப்பாள், ஆண்கள் பேசுவதை நான். எனக்கு என் கட்டைக் குரலில் பெரிய நம்பிக்கை இருந்தது.

பதில் கேசட் வந்தபோதுதான் காதர் அண்ணன் தனியாகக் கேட்கவில்லை என்பது தெரிந்தது. அறையில் கூடத் தங்கியிருந்த அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஆலங்குளத்து அண்ணாச்சி ஒருவர். ஆடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போய் அங்கே லாரி ஓட்டியவர். முதல் விமர்சனம் அவருடையதுதான்.

"அந்தக் கதாநாயகனுக்கு ரொம்ப நாளாச் சளியா தாயி? நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க."

பின்னால் அறையே சிரித்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் காது சுட்டது.

பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்து அனுப்பினோம். ஒரு துப்பறியும் கதையில், கொலைகாரன் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போது நாடா தீர்ந்துவிட்டது. அடுத்த கேசட் போக மழைக்காலமே முடிந்துபோனது. அதற்குள் அங்கே, கொலைகாரன் யார் என்ற சண்டையில், இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தார்கள். சமையல் புத்தகத்துக்கு வந்த அபிப்பிராயம்: "இனிமே இத அனுப்பாதீக. பயலுவ ராத்திரி தூங்க மாட்டேங்கானுவ." வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லும் புத்தகத்துக்கு: "விடியக்கால நாலு மணிக்கு எந்திரிங்கான். நாங்க அதுக்கு முன்னாலயே எந்திரிச்சு வண்டிக்கு நிக்கோம், இன்னும் முன்னேறலியே." ஆடு வளர்ப்புப் புத்தகத்தை ஆலங்குளத்து அண்ணாச்சி ஓட்டி ஓட்டிக் கேட்டுவிட்டு, "எழுதுனவன் ஆட்டைக் கிட்டத்துல பாத்ததே இல்ல" என்றார். குற்றாலத்தைப் பற்றி ஒரு சுற்றுலாக் கையேடு. அதற்குக் காதர் அண்ணனே பேசினார். "அருவி எத்தன அடி உயரம்னு சொல்லுதான். மண்டைல விழுந்தா எப்படி இருக்கும்னு சொல்லலியே."

அவர் பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். ஜெனரேட்டர். அக்கா அதையும் சேர்த்துத்தான் கேட்பாள்.

எப்போது மாறியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சும்மா பொழுதுபோக்குக்கு எடுத்தவள், அலமாரி முன்னால் நின்று யோசிக்க ஆரம்பித்தாள். "வெளியூர் போனவன் திரும்பி வந்துருத மாதிரி ஏதும் இருக்காட்டி?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். எனக்குப் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தேன். கப்பலில் வேலை பார்த்தவன் ஊருக்கு வந்து சின்னதாக ஒரு கடை போட்டு, பெண்டாட்டியோடு சௌக்கியமாக இருக்கிற கதை. இலக்கியமாக ஒன்றுமில்லை. ஆனால் கடைசி அத்தியாயத்தில் அக்காவின் குரல் நடுங்கியது. அன்றைக்கு நான் ஆண்குரலே போடவில்லை. அவளே எல்லாவற்றையும் வாசித்தாள்.

பதில் வந்தது. காதர் அண்ணன் ரொம்ப நேரம் யோசித்துப் பேசினார்.

"கத பரவால்ல. ஆனா வந்து கட போட்டவன் மொத மாசம் என்ன சாப்புட்டான்னு எழுதவே இல்லயே ரஹ்மத்து."

அக்கா விடவில்லை. சிறுதொழில் தொடங்குவது எப்படி என்று ஒரு புத்தகத்தைப் பிடித்தாள். முதலீடு, இடம், மின் இணைப்பு, எல்லாவற்றையும் மனுவை வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அதற்கும் பதில் வந்தது. "நல்லா எழுதிருக்கான். ஆனா அவனுக்குக் கட்டிக் குடுக்கத் தங்கச்சி இல்ல போல."

அக்கா டேப்ரிக்கார்டரின் வாயைப் பட்டென்று மூடினாள்.

"எதக் குடுத்தாலும் ஒரு கொற. நாங் கேக்கது ஒண்ணு, அவுக புஸ்தகத்தப் பத்திச் சொல்லுதாக. இனி ஒரு எழுத்து வாசிக்க மாட்டேம் பாத்துக்கோ."

வாசிக்கவில்லை. மறுபக்கங்கள் காலியாகப் போயின. காதர் அண்ணன் ஏன் என்று கேட்கவும் இல்லை. நான் மாடியில் உட்கார்ந்து, திரும்பி வந்த புத்தகங்களின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு கல்யாணத்தை எந்தப் புத்தகம் சரிபண்ணும் என்று அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் எல்லாவற்றுக்கும் ஒரு புத்தகம் இருக்கும் என்று நம்பினேன். பிற்பாடு நானே சில புத்தகங்கள் எழுதினேன். அதற்குப் பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

ஆனி மாதம் சாரல் தொடங்கியது. அக்கா வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரை. ஒரு மத்தியானம் போனேன். டேப்ரிக்கார்டரை ஜன்னல் விளிம்பில், நனையாமல், தலையில் ஒரு துண்டு போட்டு வைத்திருந்தாள். பொத்தான்கள் அமுங்கியிருந்தன. நான் வாயைத் திறக்கப் போனேன். உதட்டில் விரலை வைத்தாள். மழை தகரத்தில் விழுந்தது. வாழையிலையில் விழுந்தது. கொஞ்சம் நின்றது, யாரோ பக்கம் புரட்டுகிற மாதிரி, திரும்ப விழுந்தது. கேசட் தானாக நின்று பொத்தான்கள் எகிறும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

"இதுக்கு என்ன சொல்லுதாகன்னு பாப்போம்" என்றாள்.

பதில் கேசட்டில் முதலில் வெறும் ஜெனரேட்டர். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஆலங்குளத்து அண்ணாச்சியாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அவர் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் காதர் அண்ணன். "இதுல கொற சொல்ல ஒண்ணுமில்ல." அவ்வளவுதான். மறுபக்கத்தில் அவருக்கும் பேச்சு வரவில்லை.

அவர் உடனே மூட்டை கட்டிவிடவில்லை. அதெல்லாம் நாங்கள் வாடகைக்கு விட்ட நாவல்களில்தான் நடக்கும். அவர் தங்கச்சி கல்யாணம் முடிய வேண்டியிருந்தது. சில சாரல்கள் கழித்து, ஒரு சாரல் நேரத்தில், ஒரேயடியாக வந்து இறங்கினார். விசா முடிந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். அதை எல்லோரும் நம்பினார்கள். ஆலங்குளத்து அண்ணாச்சியும் பின்னாலேயே வந்து, அந்தப் புத்தகத்தைத் திட்டிக்கொண்டே ஆடு வளர்த்தாராம்.

போன சீசனுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நூலகம் இருந்த மாடியில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். நெய் வாசம் இல்லை, கீழேயும் இல்லை. அக்கா வீடு குத்துக்கல்வலசைக்கு மாறிவிட்டது. கேசட்டுகளில் பூஞ்சை படிந்து நாடா ஒட்டிக்கொண்டதாம். மழை பெய்த கேசட்டும் அதில் போயிற்று. காதர் அண்ணனுக்குக் காது போய்விட்டது. அத்தனை வருடம் ஜெனரேட்டரோடு இருந்த காது. அவர் வந்த புதிதில் அக்கா தினமும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். காது மங்க மங்கக் குரலை ஏற்றியிருக்கிறாள். "எதுத்த வீட்டு டீச்சரு காலைல கேப்பா, நேத்து எதுல நிப்பாட்டுனீகன்னு" என்று சிரித்தாள். இப்போது எவ்வளவு கத்தினாலும் எட்டுவதில்லை.

நான் கிளம்பியபோது சாரல் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் வாசல் வரை வந்தார்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேலே போட்டிருந்த தகரம் சடசடக்கத் தொடங்கியது. நான் மேலே கை காட்டி, வாயை அகலத் திறந்து, "கேக்குதாண்ணே?" என்றேன். அவர் தகரத்தைப் பார்த்தார், நனைகிற செடிகளைப் பார்த்தார்.

"கேக்கல தங்கச்சி. அன்னைக்குக் கேசட்டுல கேட்டதே போதும்."

அக்கா எனக்குக் குடையை நீட்டினாள்.

"போதும்னா சவூதிய விட்டு எதுக்காம் வந்தாக? கேளுட்டி அவுகட்ட."