பட்டியலில் இல்லாத நாவல் மரம்

மாட்டுங்காவில் எங்கள் மூன்று மாடிக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் பில்டர் வந்த வருஷம், காம்பவுண்டு மரங்களில் ஒரு காலையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. முனிசிபாலிட்டியின் மராட்டி நோட்டீஸ். நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவள். மராட்டி பேசினால் தடுமாறுவேன், ஆனால் சர்க்கார் காகிதம் என்றால் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவேன். இந்த மரத்தை வெட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் எழுத்தில் தரலாம் என்று இருந்தது. இரண்டு தென்னை, ஒரு மா, ஒரு பலா, ஒரு அசோகா. ஐந்து மரத்துக்கும் ஐந்து காகிதம். பின்சுவர் ஓரம் நின்ற நாவலில் மட்டும் ஒன்றும் இல்லை.

அதை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். மத்தியானம் பில்டர் எல்லோருக்கும் கொடுத்திருந்த பிளானை விரித்துப் பார்த்தேன். நாவல் நிற்கிற இடத்தில் கார்கள் கீழ்த்தளத்துக்கு இறங்கும் சரிவுப்பாதை வரைந்திருந்தது. மரங்களின் பட்டியலில் ஐந்துதான். ஆறாவது மரம் என்று ஒன்று அந்தக் காகிதத்தில் இல்லவே இல்லை. இல்லாத மரத்தை வெட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

மற்ற மரங்களை விட அதுதான் பழையது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட மரத்தைச் சட்டம் இப்போது பாரம்பரிய மரம் என்கிறது. அதைத் தொடுவதற்கு விசாரணை அதிகம். அந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் பட்டியலிலிருந்து விட்டிருந்தார்கள்.

கட்டடத்தில் குடியிருப்பவர்களின் சங்கமான சொசைட்டியின் செக்ரட்டரியிடம் கேட்கப் போனேன். அவரும் எங்களைப் போலப் பாலக்காட்டுக்காரர்தான், என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பொறுமையாகவே சொன்னார்.

"மாமி, அந்த மரம் நம்மளோடது இல்லையாக்கும். முனிசிபாலிட்டிக்கு நாமளே எழுதிக் கொடுத்திருக்கோம். டைப் பண்ணிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே? மறந்துட்டேளா?"

மறக்கவில்லை. நான் கமிட்டியில் இருந்த வருஷம், ஒரு மழையில் நாவலின் கிளை முறிந்து அடுத்த கட்டடத்தின் தகரக் கூரையில் விழுந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை. தனியார் காம்பவுண்டில் உள்ள மரத்தை மழைக்கு முன்னால் அனுமதி வாங்கிக் கழிப்பது சொந்தக்காரரின் பொறுப்பு, ஏன் செய்யவில்லை என்று வார்டு ஆபீஸிலிருந்து சொசைட்டிக்குக் கடிதம் வந்தது. மரம் எங்கள் எல்லைக்குள் இல்லை என்று பதில் எழுதச் சொன்னார்கள் கமிட்டியில். எழுதினேன். பொய் என்று தெரிந்துதான் எழுதினேன். பிறகு அதன் அடி முழுவதும் சிமெண்டு பூசி ஸ்கூட்டர் நிறுத்த இடம் செய்தபோதும் பேசாமல் இருந்தேன். காம்பவுண்டில் அந்த மரத்துக்கு வேண்டியவர்கள் யாரும் இல்லை. பழக்காலத்தில் கார் மேலெல்லாம் ஊதாக்கறை என்று எல்லோருக்கும் அதன் மேல் கோபம்.

வீட்டில் என் கணவருக்கும் இது பிடிக்கவில்லை. எங்களுக்கு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அவருக்கு முழங்கால் போய்விட்டது. புதுக் கட்டடத்தில் லிஃப்ட் வரும் என்பதற்காகவே முதல் ஆளாகச் சம்மதக் கையெழுத்துப் போட்டவர் அவர். ஒரு மரத்துக்காக எல்லாவற்றையும் நிறுத்தப் போகிறாயா என்று கேட்டார். கட்டடத்தை நான் நிறுத்தவில்லை, எனக்கும் லிஃப்ட் வேண்டும் என்றேன். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், மரம் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டு, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வெட்டட்டும். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் வார்டு ஆபீஸில் தோட்டத் துறைக்குப் போனேன். மரங்களுக்குப் பொறுப்பான அதிகாரி என் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, "மேடம், யே பேட் தோ லிஸ்ட் மே ஹை ஹி நஹி" என்றார். லிஸ்டில் இல்லை என்பதுதான் என் ஆட்சேபமே என்றேன். மரம் சொசைட்டியுடையது என்பதற்கு ஆதாரம் கேட்டார். பழைய பிளானின் நகலைக் கொடுத்தேன். எல்லைக்கோட்டுக்கு உள்ளே மரத்தைக் குறித்திருந்தது. கூடவே என் பழைய கடிதத்தின் நகலையும் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார். ஆமாம், அன்றைக்கு எழுதியது பொய், இன்றைக்கு எழுதியிருப்பது நிஜம், இரண்டுக்கும் நானே பொறுப்பு என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. செவ்வாய்க்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக எழுதி, மனுவின் நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கயிறும் கோடாலியுமாக நாலு பேர், பக்கத்தில் செக்ரட்டரி. ஆபீஸ் மூடியிருக்கிற நாளாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் முத்திரை குத்திய நகலையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மரத்தில் முதுகு படுகிற மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

வந்தவர்களிடம் அனுமதிக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர்கள் செக்ரட்டரியைப் பார்த்தார்கள். அனுமதி இல்லாமல் வெட்டினால் வெட்டச் சொன்னவர்மேல் மட்டுமல்ல, வெட்டினவர்மேலும் கேஸ் வரும் என்றேன். பெரியவராக இருந்த ஒருவர் கோடாலியைக் கீழே வைத்துவிட்டார்.

"மாமி, எழுந்திருங்கோ. இருபத்திநாலு குடும்பம் காத்துண்டிருக்கு. உங்க ஒருத்தரால எல்லாம் தள்ளிப்போகும்" என்றார் செக்ரட்டரி.

"தள்ளிப்போகட்டும். என்னைத் தூக்கிப் போட்டுட்டு வேணும்னா வெட்டுங்கோ. நானா எழுந்திருக்க மாட்டேன்."

மாடி ஜன்னல்களில் ஒவ்வொன்றாகத் தலைகள் தெரிந்தன. ஒருவரும் இறங்கி வரவில்லை. மடியில் இருந்த காகிதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக என் கணவர் இறங்கி வருவது தெரிந்தது. என்னை மேலே கூப்பிடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகச் செக்ரட்டரியிடம் போனார்.

"செவ்வாய்க்கிழமை ஆபீசர் வரார். அவர் வெட்டலாம்னு சொன்னா நானே இவளை அழைச்சுண்டு போறேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்கப்படாது."

நாலு பேரும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். படியேறினதில் என் கணவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஒத்தடம் கொடுக்கப் போனபோது காலை நகர்த்திக்கொண்டார், பிறகு நீட்டினார்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து மரத்தின் சுற்றளவை அளந்தார். தண்டின் மேல் எண் எழுதினார்கள். அடியைச் சுற்றியிருந்த சிமெண்டை உடைத்து மண் விட வேண்டும், காய்ந்த கிளைகளை அனுமதி வாங்கிக் கழிக்க வேண்டும் என்று சொசைட்டிக்கு உத்தரவு வந்தது. விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. நாவலை வெட்ட அனுமதி கிடைக்கவில்லை. பில்டர் சரிவுப்பாதையை முன்பக்கம் மாற்றி வரைய வேண்டியதாயிற்று. பட்டியலில் இருந்த ஐந்தையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. அவை சட்டப்படியே போயின. சொசைட்டியின் வாட்ஸப் குரூப்பில் என்னைத் திட்டி எழுதாதவர்கள் குறைவு. தாமதத்துக்கு நான்தான் காரணம் என்றார்கள். நான்தான். அப்படியே பதில் போட்டேன்.

இப்போது சுனாபட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாட்டுங்காவில் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. மழைக்கு முன்னால் கிளை கழிக்கிற விண்ணப்பத்தை வருஷா வருஷம் நான்தான் எழுதுகிறேன். கையெழுத்து மட்டும் செக்ரட்டரியுடையது. போன வாரம் போய்ப் பார்த்தபோது, மரத்தின் அடியில் விட்ட மண்மேல் சிமெண்டு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றை எடுக்கச் சொன்னேன். நாளைக்கு எடுப்பதாக சூப்பர்வைசர் சொன்னார். இன்றைக்கே என்றேன். கடைசி மூட்டை போகும்வரை வெயிலில் நின்றுவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.