ஞானம்மாள் சொன்ன பூச்சி

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தின் நடுவில், ஞானம்மாளின் பெயரை வேலைப் பட்டியலிலிருந்து எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. எண்பதுகளின் தொடக்கம். தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நான் பார்மசிஸ்டாக இருந்தேன்.

ஞானம்மாளுக்கு உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பும். கொஞ்ச நேரத்தில் அமுங்கி, மறுநாள் வேறு இடத்தில் எழும்பும். அலர்ஜி மாத்திரை கொடுத்தால் அன்றைக்கு அடங்கும். ஆனால் தூக்கக் கலக்கத்தில் அவளுக்குக் கை ஓடாது. காப்பிச் செடியே அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மானேஜர் முடிவு கட்டிவிட்டார். பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

சேலத்திலிருந்து வாரம் ஒரு நாள் வரும் டாக்டரம்மாவிடம், பறிப்பு ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி அவளை அழைத்து வந்தார். அவளைப் பேசவிடாமல் அவரே ஆரம்பித்தார்.

"பூச்சிக்கடிங்கம்மா. இவளே பூச்சின்னுதான் சொல்றா. காட்டுல இத்தன பொம்பளைங்க நிக்கறாங்க, பூச்சிக்கு இவளத்தான் நொம்பப் புடிச்சிருக்குது."

டாக்டரம்மா அவரை வெளியே இருக்கச் சொன்னார். தடிப்புகளை வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தார். எதிலும் கடிவாய் இல்லை. பிறகு கேட்டார்:

"பூச்சி எங்க இருக்குது, கண்ணு?"

ஞானம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"வயித்துலதானுங்க. வெளிக்குப் போனப்ப ஒண்ணு வந்துச்சுங்க. மேஸ்திரிகிட்ட அத எப்படிங்க வெவரமாச் சொல்றது? பூச்சின்னா புரிஞ்சுக்குவாருன்னு பாத்தேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மலத்தைச் சோதிக்க வேண்டும் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். மறுவாரம் மைக்ராஸ்கோப்பில் தானே பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டைப் புழுவின் முட்டைகள். குடலில் புழு இருந்தால் உடம்பு அதை எதிர்க்கும். சிலருக்கு அந்த எதிர்ப்பு தோலில் தடிப்பாகத் தெரியும் என்று விளக்கினார். எல்லாத் தடிப்பும் அப்படி அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னார்.

பூச்சி மாத்திரை கொடுத்த கையோடு, நடந்தே மானேஜர் பங்களாவுக்குப் போனார். நானும் உடன் போனேன்.

"செடி மேல குத்தமில்லீங்க. வயித்துப் புழுவா இருக்கும்னு நெனைக்கறேன். இந்தப் பறிப்பு முடியற வரைக்கும் அவ பேர எடுக்காதீங்க."

"குணமாகலைன்னா?"

"அப்ப என்னைக் கேளுங்க."

அவ்வளவு உறுதியாக ஒரு டாக்டர் தன் தலையில் பொறுப்பை ஏற்றுக்கொண்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தடிப்பு உடனே நிற்கவில்லை. முதலில் நாள் விட்டு நாள் வந்தது, பிறகு எப்போதாவது வந்தது, கடைசிப் பறிப்புக்குள் நின்றுவிட்டது. ஞானம்மாள் அந்தச் செடிகளுக்கு நடுவிலேயே பழம் பறித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின், தடிப்பு என்று யார் வந்தாலும் கூட வந்தவரை வெளியே நிறுத்திவிட்டு, வயிற்றைப் பற்றியும் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பலருக்கு வயிற்றில் ஒன்றும் இருக்காது. இருந்தவர்கள் தயங்காமல் சொன்னார்கள்.